மண்டோர் நல்லசாமியின் பசியாறாத காலைகள்

மலேசியாவில் லுக்குட் பட்டணத்திலிருந்து உள்ளே ஆறு கட்டை, அதாவது ஆறு மைல் தூரத்தில் இருக்கும், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நல்லசாமி மண்டோராக இருந்தார். வேலையாட்களை வேலை வாங்கும் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவர், வழுக்கைத் தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் விசில். அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் "இல்ல". லீவு கேட்டால் இல்ல. புதுக் கையுறை கேட்டால் இல்ல. மழைக்குக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளலாமா என்று கேட்டால், அண்ணாந்து மழையைப் பார்த்து, அதனிடமே "இல்ல" என்பார்.

பிறருக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்ல முடியாது. தன் மைத்துனர் கல்யாணத்துக்கு மேனேஜர் தானாகவே லீவு கொடுத்தபோது, "பழம் உதிர்ந்துகிட்டு கெடக்கு, நான் போயி பந்தியில உக்காரவா?" என்று தன் லீவைத் தானே மறுத்துவிட்டார். மனைவி குமுதவல்லி தனியாக பஸ் ஏறிப் போனாள். போன இடத்தில் எல்லோரும் அவரைப் பற்றி விசாரித்தார்கள். "வேல" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிச் சொல்லி, அவளுக்கும் அவர் மாதிரியே பேச்சு வந்துவிட்டதென்று ஊருக்குத் திரும்பியபிறகு அழுதாள்.

தோட்டத்தில் முப்பது பேர் வேலை செய்தார்கள். பாதிக்கு மேல் வங்காளதேசத்திலிருந்து வந்த பையன்கள். மீதிப் பேர் வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இன்னும் குடியிருக்கும் தமிழர்கள். அவர்களில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி மாரியம்மா, மரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்குகிறவள், நல்லசாமிக்கு மூத்தவள், அவருக்குப் பயப்படாத ஒரே ஆள். இன்னொருவன் தேவன், டிராக்டர் ஓட்டுகிறவன், பயந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாதவன்.

முதல் தடவை அது நடந்தது ஒரு திங்கட்கிழமை விடியலில். பெரட்டு என்று தோட்டத்தில் சொல்லும் காலை வரிசையில் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். நல்லசாமி அன்றைக்குப் பசியாறவில்லை. வீட்டில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது. அவர் வரிசைக்கு முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. பிறகு சிரித்தார்.

அவருக்கு முன்வரிசைப் பல் முழுதாக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

"மாரியம்மாக்கா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்றார்.

மாரியம்மா திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"என்னையவா தம்பி கேக்குற?"

"பின்ன யார? நீங்கதானக்கா இந்தத் தோட்டத்துக்கே தாய்." வரிசையைப் பார்த்துக் கைகளை விரித்தார். "இன்னிக்கு எல்லாருக்கும் லீவு. போயி தூங்குங்க. பழம் எங்கயும் ஓடிப் போயிடாது. மரத்துக்கும் ஓய்வு வேணும்லா."

தேவன் இதை மலாய் மொழியில் வங்காளதேசத்துப் பையன்களுக்குச் சொன்னான். அவர்கள் நம்பவில்லை. இது ஏதோ சோதனை, லயத்துக்குப் போகிறவனின் பெயர் வெட்டப்படும் என்று நினைத்து, அரிவாள் கட்டிய கம்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்காட்டுக்குள் ஓடினார்கள். தமிழர்கள் நம்பினார்கள். அவர் மனம் மாறுவதற்குள் வீட்டுக்கு ஓடினார்கள். நல்லசாமி தனியாக நின்று, பக்கத்தில் இருந்த செம்பனை மரத்தின் முள்ளில் படாமல் அதைத் தடவிக் கொடுத்தார்.

குமுதவல்லி பக்கத்து வீட்டு அடுப்பில் சுட்ட தோசையும் சீனி தூக்கலாகப் போட்ட கோப்பியும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் அத்தனையையும் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, காலியாகக் கிடந்த பெரட்டுக் களத்தைப் பார்த்தார்.

"எங்க, ஒருத்தனையும் காணோம்?"

"நீங்கதான லீவு குடுத்தீங்களாம்."

"நானா?" என்றார் நல்லசாமி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கே பயமாக இருந்தது. விசிலை எடுத்து ஊதினார். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அடுத்தடுத்து நடந்தது. ஒரு நாள் எல்லோருக்கும் புதுக் கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு நாள் வங்காளதேசத்துப் பையன்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவன் அம்மாவின் பெயரையும் கேட்டு, அத்தனை அம்மாக்களும் நன்றாக இருக்கவேண்டும் என்று கைகூப்பினார். தோட்டத்தில் திரிந்த டைகர் என்ற நாயின் கழுத்தில் விசிலை மாட்டி, "இன்னியிலேருந்து இவன்தான் மண்டோர், இவன் பேச்சைக் கேட்டு நடங்க" என்று அறிவித்துவிட்டுப் புல்லில் படுத்துக்கொண்டார். டைகர் அன்று முழுக்க வேலை பார்த்தது. உட்கார்ந்தவர்களைப் பார்த்துக் குரைத்தது. மாலையில் அந்தப் பக்கத்து மரத்தடிகளில் ஒரு உதிரிப் பழம்கூட மிச்சமில்லை.

சாப்பிட்டால் அவர் பழைய நல்லசாமி ஆகிவிடுவார். நடந்தது எதுவும் நினைவிருக்காது.

இந்தச் சங்கதியை முதலில் கண்டுபிடித்தவள் மாரியம்மா. "பசியாறலேன்னா இவுரு மனுஷன். பசியாறிட்டா மண்டோர்" என்றாள். அவள் வேடிக்கைக்குச் சொன்னதைத் தேவன் வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டான். குமுதவல்லி கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலிருந்து பெரட்டுக்குக் கொண்டுவருவது அவன்தான். அவன் மோட்டார் சைக்கிள் அடிக்கடி பஞ்சராக ஆரம்பித்தது. பஞ்சர் இல்லாத நாளில் பெட்ரோல் தீர்ந்தது. ஒரு நாள் பாதையில் உடும்பு குறுக்கே படுத்திருக்கிறது, அது எழுந்து போகட்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னான்.

சாப்பாடு தாமதமாகத் தாமதமாக, தோட்டத்தில் நிலைமை நன்றாகிக்கொண்டே வந்தது. ஆட்கள் ஓய்வெடுத்துவிட்டு வந்து வெட்டியதில் பழம் அதிகமாக இறங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. மேனேஜர் அதைப் படித்துக் காட்டியபோது நல்லசாமி சாப்பிட்டு முடித்திருந்தார். "ஆளுங்களுக்கு எடம் குடுக்காம வேல வாங்குறேன் சார், அதான்" என்றார்.

தேவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. வீட்டில் குமுதவல்லியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் பேசியதெல்லாம் உப்பு, புளி, கரண்ட் பில். இப்போது விடியலில் எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்தார். "குமுதா, ஒன்னைய யாரு பெத்தாங்க? இவ்வளவு லட்சணமா?" என்றார். ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெங்காயம் நறுக்குவதற்கு முன் அந்தக் கையிடம் மன்னிப்புக் கேட்டார். அவளுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. லுக்குட்டில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். போவதற்கு முன் அவர் வழக்கம்போல் நான்கு ரொட்டி சானாய் சாப்பிட்டதால், அங்கே போய்ச் சேர்ந்தபோது அவரிடம் ஒரு குறையும் இல்லை. எல்லாம் வேலைக் கவலை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் பயப்படுவதை நிறுத்திவிட்டாள். தோசைக்கல்லை மெதுவாகச் சூடாக்கினாள். சட்னிக்குத் தேங்காயை ஆற அமர உடைத்தாள். அந்தப் பேச்சு இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

நல்லசாமி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குள் கலக்கம் இருந்தது. காலைகளில் ஒரு துண்டு காணாமல் போய்க்கொண்டிருந்தது. எழுந்தது நினைவிருக்கும், அடுத்து நினைவிருப்பது வாயில் பாதி தோசை. நடுவில் என்ன செய்தோம் என்று கேட்கத் தைரியமில்லை. ஆட்கள் தன்னைப் பார்த்துப் புன்னகை செய்வது அவரை மேலும் பயமுறுத்தியது. பசி வேறு தாங்கவில்லை. சட்டைப் பையில் கடலை உருண்டையும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மென்றார். உடம்பு பெருத்தது. ஒரு நாள் விசில் ஊதியபோது சட்டைப் பொத்தான் தெறித்துப் போய் வரிசையில் நின்ற ஒரு பையன் நெற்றியில் பட்டது.

கடைசியில் இரண்டு தாமதங்களும் ஒரே காலையில் சேர்ந்துகொண்டன. குமுதவல்லி அன்று மாவை அரைக்கவே அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். அதற்குப் பிறகு தேவனின் மோட்டார் இரண்டு முறை நின்றது. நல்லசாமி பழம் ஏற்றிய டிரெய்லர் மேல் ஏறி நின்று, அடுக்கி வைத்த பழக்குலைகளைப் பார்த்துப் பேசினார். "நீங்கள்ளாம் இந்தத் தோட்டத்தோட பிள்ளைங்க. மில்லுக்குப் போற எடத்துல மரியாதையா நடந்துக்குங்க." வேலையாட்கள் கீழே நின்று கைதட்டினார்கள். அவர் வாய் கோணியது. கை கால் வெட்டி இழுக்க, பழக்குலைகளுக்கு நடுவே சரிந்து விழுந்தார்.

கைதட்டல் ஒரு கணம் தொடர்ந்து, பிறகு நின்றது. முதலில் டிரெய்லரில் ஏறியவள் முட்டி வலிக்காரி மாரியம்மாதான். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தேவன் மேனேஜரின் காரில் அவரை ஏற்றிக்கொண்டு பறந்தான்.

அரசாங்க கிளினிக்கில் நர்ஸ் அவர் விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தாள். மலேசியக் கணக்கில் நாலுக்குக் குறையக் கூடாத இடத்தில் ஒன்று புள்ளி ஏழு என்று காட்டியது. மெஷின் கெட்டுவிட்டது என்று இன்னொரு மெஷின் எடுத்து வந்தாள். அதுவும் அதையே சொன்னது. கையில் ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நல்லசாமி கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற தன் ஆட்களைப் பார்த்தார்.

"பழத்த யாரு ஏத்துறா? இங்க என்னா வேடிக்க?"

மாரியம்மா அழுதுவிட்டாள். அவர் திட்டியதற்காகத் தோட்டத்தில் யாரும் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அவரைப் பார்த்த டாக்டர் அமால் இளம்பெண், அப்பா அதே மாநிலத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். முதலில் அவள் சந்தேகப்பட்டது குமுதவல்லியைத்தான். காரணம் இருந்தது. குமுதவல்லிக்குச் சர்க்கரை நோய். சர்க்கரையை இறக்கும் மாத்திரை வீட்டில் இருக்கிறது. அந்த மாத்திரையை ஒரு ஆரோக்கியமான ஆளுக்குத் தெரியாமல் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மாத்திரைய அங்கிளுக்கு சாப்பாட்டுல கீட்டுல கலந்து குடுத்தீங்களா?"

குமுதவல்லி யோசித்தாள். "குடுக்கணும்னு தோணுன நாளு நெறைய இருக்கு டாக்டர். ஆனா குடுக்கல."

டாக்டர் அமால் பேனாவைக் கீழே வைத்தாள். குமுதவல்லிக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. தோசைக்கல் சங்கதியைச் சொன்னாள். பக்கத்தில் நின்ற தேவன் வியர்த்துப்போய், பஞ்சர் சங்கதியைச் சொன்னான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயுமா?" என்றாள் குமுதவல்லி.

"நீங்களுமாக்கா?"

"யாரும் அவருக்கு நோய உண்டாக்கல" என்றாள் டாக்டர். "ஆனா எவ்வளவு ஆபத்துன்னு தெரியாம வெளையாடிட்டீங்க. நாங்க ஆஸ்பத்திரியில பக்கத்துலயே நர்ஸ வச்சிக்கிட்டு செய்யுற டெஸ்ட, நீங்க தோட்டத்துல வச்சு தெனம் செஞ்சிருக்கீங்க."

அந்த டெஸ்ட் இதுதான். ஆளைப் பட்டினி போடுவது. தண்ணீரும் சர்க்கரை போடாத கடுங்கோப்பியும் மட்டும். சர்க்கரை இறங்கும்போது ரத்தம் எடுத்து, அந்த நேரத்தில் உடம்பு இன்சுலினைச் சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரை இறங்கினால் நல்ல உடம்பு இன்சுலினை நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் எங்கோ கட்டுப்பாடில்லாமல் ஒன்று சுரந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேவைப்பட்டால் மூன்று நாள் வரைகூடப் பட்டினி போடுவார்கள்.

நல்லசாமியை வார்டில் சேர்த்துப் பட்டினியை ஆரம்பித்தார்கள். சர்க்கரை இறங்கியது. பிறகு ஏறியது. மறுபடி இறங்கும் என்று பார்த்தால் இன்னும் ஏறியது. டாக்டர் அமால் குழம்பினாள். மருத்துவத்தில் இப்படி ஒன்று இல்லை என்றாள். பிறகு தலையணைக்குக் கீழே பாதி அல்வா இருப்பதைப் பார்த்தாள்.

தோட்டத்து ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். அத்தனை பேர் மனதிலும் குற்றம் குறுகுறுத்தது. அவர் சாப்பாட்டைத் தாமதம் செய்துதானே இப்படி ஆனது என்று ஒவ்வொருவரும் ஒளித்து எதையாவது கொண்டுவந்திருந்தார்கள். மாரியம்மா முந்தானையில் அல்வா. வங்காளதேசத்துப் பையன்கள் பூட்ஸுக்குள் பேரீச்சம்பழம். தேவன் கோப்பி ஃபிளாஸ்க்கில் கரைத்த மைலோ. மண்டோர் எதையும் மறுக்கவில்லை. எதைக் கேட்டாலும் இல்ல என்றவர், பசியில் எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்திருந்தார்.

டெஸ்ட் முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்த முறை வார்டு வாசலில் காவலுக்கு ஆள் உட்கார்ந்தார். வருகிறவர்களின் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்.

இரண்டாம் தடவை, ஒரே நாளில் அவர் மாறினார். பக்கத்துப் படுக்கைச் சீனக் கிழவரின் கன்னத்தைத் தடவி, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றார். மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த நர்ஸைப் பார்த்து, "காலு வலிக்கும்லா பாப்பா, போயி படு. ஒனக்கு லீவு. எல்லாருக்கும் லீவு" என்றார். டாக்டர்களுக்கும் கொடுத்தார். காவலுக்கு உட்கார்ந்த ஆளுக்கும் கொடுத்தார். அவர் பேசப் பேச, டாக்டர் அமால் அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்தாள். எடுத்து முடித்த அடுத்த நொடியே குளுக்கோஸ் ஏற்றினார்கள். லீவு ரத்தானது.

ரத்தத்தில் மாத்திரையின் அடையாளம் எதுவும் இல்லை. இன்சுலின் நிறைய இருந்தது. அவர் உடம்பே சுரந்தது.

"அங்கிள், வயித்துல இரப்பைக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு" என்று டாக்டர் சொன்னாள். "இன்சுலின சுரக்குறது அதுதான். அதுல ஒரு சின்னக் கட்டி இருக்கணும்னு நெனைக்கிறோம். ஒடம்புல சர்க்கர இருக்கா இல்லையான்னு பாக்காம, அது பாட்டுக்கு இன்சுலின ஊத்துது. சர்க்கர இல்லாம மூள தடுமாறுது. அதான் நீங்க மாறிப் போறது."

"சொல்லு பேச்சு கேக்காம வேல செய்யுற ஆளு" என்றார் நல்லசாமி.

"அப்படியே வச்சிக்கலாம்."

"கேன்சரா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கணையத்துல கேன்சர்னு எல்லாரும் பயப்படுறது வேற. அது ஜீரண நீர் போற குழாயில வர்றது, ரொம்ப மோசம். இது ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்றது. பத்து லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் வரும். பெரும்பாலும் பரவாது. சிலது பரவும். எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அன்பா பேசுறதெல்லாம் ஒரு நோயா டாக்டர்?" என்றாள், பின்னால் நின்ற மாரியம்மா.

கட்டி சுலபத்தில் அகப்படவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், தெளிவாக இல்லை. கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே வாய் வழியாகக் குழாயை இறக்கி, இரப்பைக்குள்ளிருந்தே ஒலி அலையால் தேடினார்கள். கணையத்தின் வால் பகுதியில், ஒரே ஒரு உதிரிச் செம்பனைப் பழம் அளவில் இருந்தது.

ஆபரேஷன் நாள் வரும்வரை ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கட்டி சுரக்கும் இன்சுலினை அது அடக்கும். அதற்கு ஒரு பக்க விளைவு உண்டு, முடி வளரும். நல்லசாமியின் நெற்றியில் பூனைமுடி வந்தது. பிறகு காதோரம், தோள், முதுகு. வழுக்கையில்கூட மென்மையாக ஏதோ முளைத்தது. கால் வீங்கியது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவர் அதைத் திருப்பி வைத்தார்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை அவர் சாப்பிட்டாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். தோட்டம் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. முறை வைத்து ஒவ்வொருவராக வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார்கள். சாப்பிட்டாரா என்று பார்க்க இன்னும் நான்கு பேர் வந்தார்கள். பழம் மரத்திலேயே அழுகியது. தலைமை அலுவலகம், போன மாதம்வரை அருமையாக நடந்த தோட்டத்துக்கு என்ன வந்தது என்று கேட்டது. மேனேஜர், முடி முளைத்த மண்டோரைப் பார்த்தபடி, சரியான காரணத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வானிலை மேல் பழியைப் போட்டார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை, ஆஸ்பத்திரிப் படுக்கையில் நல்லசாமி மனைவியைக் கேட்டார். "காலையில நான் என்னா பேசுவேன்?"

குமுதவல்லி சேலைத் தலைப்பை முறுக்கினாள். "அதெல்லாம் எதுக்கு?"

"சொல்லு."

சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தது, யார் பெத்தாங்க என்று கேட்டது, வெங்காயம், கை. சொல்லும்போதே அவளுக்கு வெட்கமும் அழுகையும் வந்தன. அவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா?"

"நீங்கதான். ஒரு சந்தேகம். கட்டிய எடுத்துட்டா அதுவும் போயிடுமான்னு டாக்டரக் கேட்டேன். அது புஸ்தகத்துல இல்லைன்னு சொல்லிருச்சு."

நல்லசாமி அவள் பக்கம் திரும்பினார். "பயமா இருக்கு குமுதா" என்றார். அப்போது அவருக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்தான் நர்ஸ் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். குமுதவல்லி கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று சொல்ல வந்த ஊழியர், வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார்.

கணையத்தின் வாலையும், அதோடு ஒட்டியிருந்த மண்ணீரலையும் எடுத்தார்கள். மண்ணீரல் இல்லாவிட்டால் சில கிருமிகள் சுலபமாகத் தாக்கும் என்பதால் அதற்கான தடுப்பூசிகளை முன்பே போட்டிருந்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து நீர் கசிந்தது. அடிக்கடி வருவதுதான் என்றார்கள். வயிற்றிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் பை. அந்தப் பையோடுதான் வீட்டுக்கு வந்தார். இத்தனை நாளாகப் பாதாளத்தில் கிடந்த சர்க்கரை, கட்டி போனதும் கொஞ்ச நாள் மேலே ஏறி நின்றது. அல்வா கொண்டுவந்த மாரியம்மாவைக் குமுதவல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். "இப்ப குடுக்கக் கூடாதாம்!" "முந்தி குடுக்கணும்னாங்க!" "முந்திக்கும் முந்தி குடுக்கக் கூடாதுன்னாங்கள்ல!" கடைசியில் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அந்த அல்வாவைச் சாப்பிட்டார்கள். குமுதவல்லிக்கும் அது ஆகாது என்பது பாதி முடிந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

கட்டியைச் சோதித்த முடிவு வந்தது. மெதுவாக வளரும் வகை. ஆனால் பக்கத்தில் எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றில் அதே செல்கள் கொஞ்சம் இருந்தன.

"அப்ப கேன்சர்தான்" என்றார் நல்லசாமி.

"ஆமா அங்கிள்" என்றாள் டாக்டர் அமால். "பரவுற வகை. ஆனா கண்ணுக்குத் தெரிஞ்சத முழுசா எடுத்துட்டாங்க. இப்ப கீமோ வேணாம். வருஷா வருஷம் ஸ்கேன் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"திரும்ப வருமா, வராதா? ஒண்ணு சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாது."

நல்லசாமிக்கு இப்படி ஒரு பதில் பழக்கமில்லை. ஆமாம் உண்டு, இல்லை உண்டு, நடுவில் ஒன்றை அவர் யாருக்கும் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை.

"வந்தா?"

"மாசா மாசம் போடுற ஊசி இருக்கு. மாத்திரை இருக்கு. அந்த செல்லத் தேடிப் போயி ஒட்டிக்கிற கதிர் மருந்து இருக்கு. வந்தாலும் பல வருஷம் வாழுறவங்க இருக்காங்க. வெறுங்கையோட நிக்க மாட்டோம்."

"சரி" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருந்த மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தார்.

பூனைமுடி உதிர்ந்தது. உடம்பு வற்றியது. வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் பெரட்டில் ஒருவன் லீவு கேட்டான். வரிசை முழுக்க அவர் வாயையே பார்த்தது. "இல்ல" என்றார் நல்லசாமி. எல்லோருக்கும் நிம்மதியாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. வீட்டிலும் அப்படித்தான். காலையில் எழுந்தால் தோசை, கோப்பி, கரண்ட் பில். தோசைக்கல்லைக் குமுதவல்லி அடுப்பைப் பற்றவைத்த உடனே காய வைத்தாள்.

இரண்டாம் வருஷ ஸ்கேனுக்குத் தேவன் தன் பழைய காரில் அவர்களைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போனான். புதிதாக எதுவும் இல்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக் கேண்டீனில் கணவனும் மனைவியும் சாப்பிட்டுவிட்டு, மாடி மாடியாக இருக்கும் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். காரைக் காணோம். தேவனையும் காணோம். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எந்த மாடியில் விட்டான் என்று இருவருக்கும் ஞாபகமில்லை. மூன்றாம் மாடி முழுக்கச் சுற்றினார்கள். நான்கைச் சுற்றினார்கள். எல்லாக் காரும் வெள்ளையாக இருந்தது. ஒரு வெள்ளைக் காரின் கதவை நல்லசாமி இழுத்துப் பார்க்க, அது அலறியது.

நல்லசாமி தூணில் சாய்ந்து நின்று சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

குமுதவல்லிக்கு அந்தப் பழைய காலைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. கைப்பையைத் திறந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்தாள். அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். அந்த அலறலுக்கு நடுவே இரண்டு பேரும் எண் வருவதற்குக் காத்திருந்தார்கள். ஆறு புள்ளி மூன்று.

"சரியாத்தான இருக்கு" என்றாள். "அப்ப ஏன் சிரிக்கிறீங்க?"

"கார காணோம்லா" என்றார் அவர், மூச்சு வாங்க. "ஸ்கேன்ல ஒண்ணும் காணோம். இங்க காரையும் காணோம்."

அவள் முறைத்தாள். பிறகு அவளாலும் முடியவில்லை. இருவரும் மாடிப்படி ஏறி, ஐந்தாம் மாடியில் காரைக் கண்டுபிடித்தார்கள். தேவன் சீட்டைச் சாய்த்துப் போட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். நல்லசாமி கண்ணாடியைத் தட்டினார்.

"எழும்பு லா. சிரம்பான் ரோட்டுல ஜாம் ஆயிடும்."